2005 அட்லாண்டிக் புயல் பருவம்: கத்ரீனா மட்டும்தானா?

உப்புக்காற்று:
2005 என்றாலே பேச்சு நேராகப் போய், நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனாவில் நிற்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு புயலின் நிழலில் மற்ற 27 புயல்களும் மறைந்துபோய்விட்டன. அவற்றையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நோவா வானிலை அமைப்பு கணித்தது 12 முதல் 15 பெயரிட்ட புயல்கள். ஜூலை மாதத்தில் மட்டுமே ஐந்து உருவாகிவிட்டன. டென்னிஸ் கேட்டகரி 4 வலுவோடு (காற்று வேகத்தை வைத்து 1 முதல் 5 வரை தரம், 5தான் உச்சம்) கியூபாவைப் பதம் பார்த்தது. முந்தைய ஆண்டு ஐவான் புயலில் நொறுங்கிப்போன கிரெனடா இன்னும் கூரை வேய்ந்து முடிக்கவில்லை, அதற்குள் எமிலி வந்து இறங்கியது. பிறகு அதே எமிலி கரீபியனில் கேட்டகரி 5 ஆனது. ஜூலையில் கேட்டகரி 5 என்பது அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒன்று. ஆகஸ்ட் தொடக்கத்தில் நோவா தன் கணிப்பை 18 முதல் 21 என்று ஏற்றிச் சொன்னது. அதுவும் பற்றவில்லை.

அந்த ஆண்டுப் புயல்களுக்கென ஒதுக்கிய 21 பெயர்களும் அக்டோபரில் வில்மாவோடு தீர்ந்தன. அப்புறம் கிரேக்க எழுத்துகள்: ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஆறு. கடைசியாக வந்த ஸீட்டா டிசம்பர் 30 அன்று உருவாகி, ஜனவரி 6 வரை நடுக்கடலில் உலாத்தியது. நவம்பர் 30 அன்று பருவம் முடிந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு!

என் வாதம் இதுதான். காற்று வேகப் பட்டியலில் இந்தப் பருவத்தின் முதலிடம் வில்மாவுக்கு. ஸ்டான் எங்கோ அடியில் கிடக்கிறது. உயிர்ச்சேதத்தைப் பார்த்தால் அப்படியே தலைகீழ். அப்படியானால் 'பெரிய புயல்' என்று நாம் எதைச் சொல்கிறோம்?

கணக்குப்பிள்ளை:
நல்ல தொடக்கம். எண்களை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன், பிறகு சண்டை போட வசதி.

2005: புயல்கள் 28, அதில் ஹரிகேன் (கேட்டகரி 1ஐயாவது எட்டிய வலுத்த புயல்) 15, கேட்டகரி 3 அல்லது அதற்கு மேல் போன பெரியவை 7, கேட்டகரி 5 ஆனவை 4 (எமிலி, கத்ரீனா, ரீட்டா, வில்மா). 2020: புயல்கள் 30, ஹரிகேன் 14, பெரியவை 7. அந்த ஆண்டு அயோட்டாவை முதலில் கேட்டகரி 5 என்றார்கள், மறு ஆய்வில் 4 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே 2020இல் கேட்டகரி 5 ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையில் 2020 முந்தியது, வலுவில் 2005 பக்கம்கூட வரவில்லை.

புயல் எத்தனை நாள், எவ்வளவு வேகத்தோடு நீடித்தது என்று கூட்டிப் பார்க்கும் ஏ.சி.இ. கணக்கிலும் அதேதான். 2005க்கு சுமார் 245, 2020க்கு சுமார் 180. ஆனால் அந்தக் கணக்கில் 2005க்கும் மேலே உட்கார்ந்திருப்பது 1933! சுமார் 259.

மழைக்குருவி:
புதியவள், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1933இல் செயற்கைக்கோளே கிடையாதே, அந்த எண்ணை எப்படி நம்புவது?

கணக்குப்பிள்ளை:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1933இல் பதிவானது 20 புயல். கப்பல்கள் தந்த தகவல், கரையில் இருந்த அளவீடு, அவ்வளவுதான். கப்பல் போகாத இடத்தில் உருவாகி அங்கேயே கரைந்ததெல்லாம் கணக்கில் வராது. 2005இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே அக்டோபரில் ஒரு சிறு புயல் வந்தது. செயற்கைக்கோள் படமெல்லாம் இருந்தும், பருவம் முடிந்து ஏட்டைப் புரட்டியபோதுதான் அது புயல் என்றே உறுதி செய்தார்கள். பெயரே இல்லாத அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் 28. அதனால் 1933ஐயும் 2005ஐயும் எண்ணிக்கையில் மோதவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வரைபடப்பித்தன்:
கத்ரீனாவை விட்டுவிட்டுப் பேசலாம் என்றால் எப்படி? 2005இன் நாயகனும் வில்லனும் அதுதான். ஆகஸ்ட் 23 பஹாமாஸில் உருவானது. 25 அன்று மயாமிக்குச் சற்று வடக்கே கேட்டகரி 1 ஆகக் கரை கடந்தது. தெற்கு ஃப்ளோரிடாவைத் தாண்டி மெக்சிகோ வளைகுடாவில் இறங்கியதும் அங்கே 'லூப் கரன்ட்' என்ற ஆழமான வெந்நீர் ஓட்டம் காத்திருந்தது. மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் புயல் கலக்கும் கலக்கில் அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வந்து வேகம் குறையும். இங்கே அடியிலும் சூடு. மேலடுக்குக் காற்றும் இடைஞ்சல் செய்யவில்லை. 28 அன்று காற்று மணிக்கு 280 கி.மீ., நடுவில் காற்றழுத்தம் 902 மில்லிபார் (இது குறையக் குறையப் புயல் வலுவானது).

ஆனால் 29 காலையில் லூசியானாவின் புராஸ் அருகே கரை கடந்தபோது அது கேட்டகரி 3. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டெக்சாஸ்வாசி:
கேட்டகரி 3 என்று காகிதத்தில் எழுதலாம். மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியனில் கடல் 28 அடி வரை ஏறியது. பிலாக்ஸியில் சூதாட்ட விடுதிகள் எல்லாம் மிதவைகளின் மேல்தான் இருந்தன, தரையில் சூதாட அந்த மாநிலச் சட்டம் அப்போது அனுமதிக்கவில்லை. அந்தப் பிரம்மாண்ட மிதவைகளைக் கடல் தூக்கி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டது. அடுத்த சில வாரங்களிலேயே சட்டத்தைத் திருத்தி, கரையிலிருந்து 800 அடிக்குள் தரையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

உப்புக்காற்று:
@டெக்சாஸ்வாசி, இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அப்போது இருந்த சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் ஒவ்வொரு கேட்டகரிக்கும் கடல் எவ்வளவு உயரும் என்று ஓர் எண்ணும் கூடவே இருந்தது. கேட்டகரி 3 என்றால் 9 முதல் 12 அடி. வந்ததோ 28. முந்தைய நாள் கேட்டகரி 5 ஆக இருந்தபோது எழுப்பிய அலைகள், புயலின் பரந்த அகலம், அந்தப் பக்கக் கடலின் ஆழமின்மை எல்லாம் சேர்ந்த விளைவு. காற்று தணிந்ததும் தண்ணீரும் கூடவே தணிந்துவிடாது. 2010இல் அளவுகோலிலிருந்து கடல் மட்டக் கணக்கையே எடுத்துவிட்டு, காற்றுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அதற்குக் கத்ரீனா மட்டும் காரணம் அல்ல, 2008இன் ஐக் புயலும் உண்டு.

பொறிஞர்_காவிரிக்கரை:
கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் நியூ ஆர்லியன்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊரின் 80 சதவீதம் மூழ்கியதற்குப் புயலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த ஊரின் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே. மழை பெய்தால் தானாக வடியாது. இறைத்து, கால்வாய் வழியே வடக்கே பான்சர்ட்ரெயின் ஏரியில் விட வேண்டும். அந்தக் கால்வாய்களின் இரு கரையிலும் மண் மேட்டின் மேல் கான்கிரீட் சுவர். சுவருக்குக் கீழே மண்ணுக்குள் அடித்து இறக்கிய இரும்புத் தகடுகள். புயல் ஏரித் தண்ணீரைக் கால்வாய்க்குள் திருப்பித் தள்ளியது. 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் தலையைத் தாண்டவே இல்லை. தாண்டுவதற்கு முன்பே சுவர் போய்விட்டது.

17ஆம் தெருவில் நடந்தது இது. தண்ணீர் அழுத்தத்தில் சுவர் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்தது. சாய்ந்ததும் சுவருக்கும் கால்வாய்ப் பக்க மண்ணுக்கும் நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கி, தகட்டின் அடிவரைக்கும் போய்ச் சுவரை முழு வேகத்தில் தள்ள ஆரம்பித்தது. அடியில் இருந்ததோ சதுப்பு நிலத்து நொதநொத களிமண். மண்ணும் சுவரும் ஒரே கட்டியாக ஊர்ப்பக்கம் நழுவின. திறந்த வாயின் அகலம் 450 அடி.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று. 1980களில் அட்சஃபலயா ஆற்றங்கரை அருகே இந்தச் சுவர்களுக்குப் பொறுப்பான அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இதே வகைச் சுவரை நட்டு, தண்ணீர் கட்டிச் சோதித்துப் பார்த்தது. அந்தச் சோதனை முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தகடுகளை 31 முதல் 46 அடி வரை இறக்குவதற்குப் பதிலாக 17 அடி போதும் என்று முடிவு செய்தார்கள். செலவு மிச்சமானது. 2006 ஜூன் மாதத்தில் படையின் தலைவர் கார்ல் ஸ்ட்ராக், வடிவமைப்பில் பிழை இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

வரைபடப்பித்தன்:
அப்படியென்றால் கிழக்குப் பக்கம்? லோயர் நைன்த் வார்டிலும் செயின்ட் பெர்னார்டிலும் தண்ணீர் சுவரைத் தாண்டித்தானே வந்தது?

பொறிஞர்_காவிரிக்கரை:
ஆமாம், அங்கே கதை வேறு. இண்டஸ்ட்ரியல் கால்வாயில் தண்ணீர் மேலே வழிந்தது. வழிந்து விழுந்த தண்ணீர் சுவரின் பின்புற மண்ணை அரித்தது, சுவர் சரிந்தது. கட்டு அறுந்த ஒரு பெரிய சரக்குப் படகு அந்த உடைப்பின் வழியாகவே குடியிருப்புக்குள் வந்து உட்கார்ந்தது. இன்னும் கிழக்கே போனால், மணலும் கிளிஞ்சலும் கலந்து போட்ட கரைகள் அலை பட்டதுமே கரைந்தன. நல்ல களிமண்ணில் போட்ட கரைகள் பல இடங்களில், மேலே தண்ணீர் வழிந்தும் நின்றன. ஏரிக்கரையில் மண் அடித்த நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இதற்குக் காரணம் சொல்வார்கள்.

மழைக்குருவி:
எச்சரிக்கை சரியாகக் கிடைக்கவில்லையா? ஏன் அவ்வளவு பேர் ஊரிலேயே தங்கினார்கள்?

வரைபடப்பித்தன்:
எச்சரிக்கை அருமையாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே தேசிய ஹரிகேன் மையத்தின் கணிப்புப் பாதை அந்தக் கரையைத்தான் காட்டியது. மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் சனிக்கிழமை இரவு நியூ ஆர்லியன்ஸ் மேயரைத் தொலைபேசியில் கூப்பிட்டே சொன்னார். ஞாயிறு காலை ஸ்லைடெல் வானிலை அலுவலகம் விட்ட அறிக்கை, அந்தப் பகுதியின் பெரும்பாலான இடம் வாரக்கணக்கில் குடியிருக்க முடியாததாகிவிடும் என்றது. கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தது அந்த ஞாயிறு காலையில்தான். திங்கள் விடியலில் புயல்.

பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆனால் சுமார் ஒரு லட்சம் பேர் தங்கினார்கள். கார் இல்லாதவர்கள், முதியவர்கள், மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதவர்கள். சூப்பர்டோம் அரங்கில் அடைந்து கிடந்த கூட்டத்தைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. வானிலைத் துறை தேறியது, மற்ற எல்லாரும் தோற்றார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை:
இடையில் ஒரு திருத்தம், யாராவது பழைய எண்ணைப் போடுவதற்கு முன். கத்ரீனாவின் பலி எண்ணிக்கை என்று எங்கும் காணப்படும் 1,833ஐ ஹரிகேன் மையம் 2023இல் 1,392 என்று திருத்திவிட்டது. சேத மதிப்பு 12,500 கோடி டாலர்.

டெக்சாஸ்வாசி:
ரீட்டா பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அப்போது ஹூஸ்டனில். கத்ரீனா முடிந்து நாலு வாரம்கூட இல்லை, நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தவர்கள் இன்னும் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தின் பக்கம் இருந்தார்கள். அந்த நிலையில் வளைகுடாவில் இன்னொரு கேட்டகரி 5, 895 மில்லிபார், நேராக எங்களைக் குறி வைத்து வருகிறது என்றால் யாருக்குத்தான் கால் தரிக்கும்? போக வேண்டியவர்கள் கரையோரத்தில் இருந்தவர்கள். போனது ஊர் முழுக்க. 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலையில்.

நாங்கள் ஐ-45 நெடுஞ்சாலையில் வடக்கே. ஹன்ட்ஸ்வில் சாதாரணமாக ஒன்றேகால் மணி நேரம். அன்று விடியற்காலையில் கிளம்பி, பொழுது சாய்ந்தும் பாதி வழிகூடத் தாண்டவில்லை. வெயில் கொளுத்துகிறது, பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டோம். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டபடி உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர்ந்தால் காலை உள்ளே இழுப்பது. என் மனைவி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பக்கத்து வண்டிக் குழந்தைகளுக்கும் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அந்த வண்டியில் இருந்த பாட்டி எங்களுக்கு ஐஸ் கட்டி கொடுத்தார். அன்று அதைவிடப் பெரிய தானம் கிடையாது. எதிர்த் திசைச் சாலை முழுக்கக் காலியாகக் கிடந்தது. அதையும் வெளியேறத் திறந்துவிடத் தாமதமானது. இருட்டியதும் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே வந்துவிட்டோம், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகவில்லை.

கடைசியில் ரீட்டா கிழக்கே விலகி, டெக்சாஸ்-லூசியானா எல்லையில் கேட்டகரி 3 ஆகக் கரை கடந்தது. எங்கள் தெருவில் சில கிளைகள் முறிந்தன, அவ்வளவுதான். ஆனால் வெளியேறும் வழியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டல்லாஸ் அருகே முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிப் போன பேருந்து தீப்பிடித்து 23 பேர் போனார்கள். புயல் நேரடியாகக் கொன்றதைவிட இது பல மடங்கு.

உப்புக்காற்று:
நன்றி. இதைப் படித்தபின் வில்மாவைப் பற்றி எழுதுவது கொஞ்சம் ஆடம்பரமாகத் தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன். வானிலைப் பைத்தியங்களுக்கு அது விருந்து.

அக்டோபர் 18 காலையில் அது சாதாரணப் புயல். 24 மணி நேரத்தில் கேட்டகரி 5. காற்றழுத்தம் 882 மில்லிபாருக்கு இறங்கியது. 1988இல் கில்பர்ட் வைத்திருந்த 888ஐ முறியடித்தது, அட்லாண்டிக்கில் இன்றுவரை அதுதான் குறைந்த அளவு. புயலின் நடுவே அமைதியாக இருக்கும் 'கண்'ணின் விட்டம் நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. சராசரி ஹரிகேனின் கண் முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த ஊசித் துளைக்குள் அளவெடுக்க விமானத்தை விட்டவர்களின் நெஞ்சுரத்தைச் சொல்லி மாளாது.

அப்புறம் கான்கூன் மேல் வந்து நின்றுகொண்டது. ஒரு நாளுக்கு மேல் நகரவில்லை. பக்கத்துத் தீவான இஸ்லா முஹேரெஸில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை! சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். விடுதிகளுக்கு முன்னால் இருந்த கடற்கரை மணலையே கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. பிறகு அக்டோபர் 24 அன்று ஃப்ளோரிடாவை மேற்கிலிருந்து கிழக்காக வேகமாகக் கிழித்துக்கொண்டு போனது. கீ வெஸ்ட்டில் புயல் போய்விட்டது என்று மக்கள் மூச்சு விட்ட நேரத்தில்தான் பின்பக்கக் காற்று வளைகுடாத் தண்ணீரைத் தள்ளி ஊரை மூழ்கடித்தது.

வரைபடப்பித்தன்:
அதன் பிறகு அமெரிக்காவில் கேட்டகரி 3 அல்லது அதற்கு மேல் வலுவோடு எந்தப் புயலும் கரை கடக்கவில்லை, 2017இல் ஹார்வி வரும்வரை. ஏறக்குறைய 12 ஆண்டு. 2005க்குப் பின் 'இனி ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான்' என்று ஆரூடம் சொன்னவர்கள் கப்சிப்.

கணக்குப்பிள்ளை:
அதை அவ்வளவு சுலபமாகக் கேலி செய்துவிட வேண்டாம். வானிலை ஆய்வாளர் கெர்ரி இமானுவேல், புயல்களின் அழிக்கும் ஆற்றல் முப்பது ஆண்டுகளில் கூடியிருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதியது கத்ரீனாவுக்குச் சில வாரம் முன்பு. ஹரிகேன் மையத்தின் கிறிஸ் லேண்ட்ஸீ, பழைய பதிவுகளின் குறைபாட்டைக் காட்டி அதே இதழில் மறுத்தார். விவாதம் நடந்தது ஆற்றலைப் பற்றி, அமெரிக்கக் கரையைத் தொட்டதா என்பதைப் பற்றி அல்ல. அந்த 12 ஆண்டுகளில் கியூபா, மெக்சிகோ, ஹைட்டிக்காரர்கள் ஒன்றும் நிம்மதியாக இருக்கவில்லை.

நெறியாளர்:
பருவநிலை மாற்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே 2005ஓடு நிறுத்திக்கொள்வோம்.

மழைக்குருவி:
ஸ்டான் பற்றி முதல் பதிவில் சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்களே?

உப்புக்காற்று:
ஸ்டான் அக்டோபர் 4 அன்று மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் கரை கடந்தது. கேட்டகரி 1, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். வேகப் பட்டியலில் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். ஆனால் அதைச் சுற்றி மத்திய அமெரிக்கா முழுக்க ஒரு பெரிய மழை மண்டலம் நாள்கணக்கில் நின்று கொட்டியது. எல் சால்வடோரில் சாந்தா அனா எரிமலை வேறு அக்டோபர் 1 அன்று வெடித்திருந்தது.

குவாத்தமாலாவில் அதித்லான் ஏரிக்கரையில் பனபாஹ் என்று ஒரு மாயா மக்கள் கிராமம். எரிமலைச் சரிவின் அடியில். 5ஆம் தேதி விடியுமுன் சரிவு நெகிழ்ந்து, சேறும் பாறையுமாக ஊரின் மேல் வந்து விழுந்தது. தோண்டிப் பார்த்தார்கள், சில நாளில் கைவிட்டார்கள். அந்த இடத்தையே இடுகாடு என்று அறிவித்தார்கள். உதவிக்கு வந்த ராணுவத்தை ஊர்க்காரர்கள் உள்ளே விடவில்லை. 1990 டிசம்பரில் அதே இடத்தில் ராணுவம் சுட்டதில் 13 பேர் இறந்திருந்தார்கள். அதை மறந்து மண்வெட்டி வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

குவாத்தமாலாவில் மொத்தம் ஆயிரத்துக்கும் மேல் சாவு. கத்ரீனாவோடு ஒப்பிடும் அளவு. ஆனால் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

கணக்குப்பிள்ளை:
ஹரிகேன் மையத்தின் அறிக்கை நேரடியாக ஸ்டான் கணக்கில் எழுதியது 80 சாவு மட்டும்தான். மிச்சம் அந்தப் பெரிய மழை மண்டலத்தின் கணக்கு. வானிலை அறிவியல்படி அந்தப் பிரிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

உப்புக்காற்று:
அறிவியலில் நியாயம் இருக்கலாம். ஆனால் மழை மண்டலத்துக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, பெயர் இல்லாததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பெரும் அழிவு செய்த புயலின் பெயரை மறுபடி வைக்காமல் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஸ்டான் என்ற பெயரும் அப்படி ஓய்வு பெற்றதே, அந்த மழைச் சாவுகளை விட்டுவிட்டா ஓய்வு கொடுத்தார்கள்?

வரைபடப்பித்தன்:
கொஞ்சம் இறுக்கம் தளர, வால் பகுதியின் கோமாளித்தனங்களையும் சொல்லிவிடலாம். வின்ஸ் மதெய்ரா தீவுப் பக்கம், புயலுக்கு ஆகாத குளிர்நீரில் ஹரிகேன் ஆகி, வலு குறைந்து ஸ்பெயினின் உவெல்வா அருகே கரை கடந்தது. ஸ்பெயினில்! டெல்டா நவம்பர் கடைசியில் கேனரி தீவுகளை உலுக்கி, கிரான் கனாரியாவின் அகாயெதேயில் 'கடவுளின் விரல்' என்று பெயர் பெற்ற கடற்பாறையின் நுனியை முறித்துப் போட்டது. எப்சிலான் டிசம்பரில் ஹரிகேன் ஆகி, நாளைக்குச் செத்துவிடும் என்று ஒவ்வோர் அறிக்கையிலும் சொல்லச் சொல்ல, சாக மறுத்தது. அது ஏன் வலுக்கிறது என்பதற்குத் தெளிவான காரணம் இல்லை, நானாக ஒன்றைக் கற்பனை செய்து சொல்லவும் போவதில்லை என்று ஒரு கணிப்பாளர் அதிகாரபூர்வ அறிக்கையிலேயே எழுதினார். அரசு அறிக்கையில் இப்படி ஒரு வரி படிக்க எனக்கு இன்னமும் ஆசைதான்.

மழைக்குருவி:
இப்போதும் பெயர் தீர்ந்தால் கிரேக்க எழுத்துதானா? வங்கக் கடலில் அப்படி இல்லையே.

கணக்குப்பிள்ளை:
வங்கக் கடல், அரபிக் கடல் பட்டியல் 13 நாடுகள் சேர்ந்து கொடுத்தது. 2020இல் வெளியானதில் 169 பெயர். ஆண்டு மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதனால் அந்தச் சிக்கல் வராது. அட்லாண்டிக்கில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக 'ஏ'யிலிருந்து ஆரம்பம். 2020இல் கிரேக்கம் இரண்டாம் முறையாக வந்தபோது ஸீட்டா, ஈட்டா, தீட்டா என்று காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி ஒலித்து ஒரே குழப்பம். 2021இல் கிரேக்கத்தை நிறுத்திவிட்டு, துணைப் பட்டியல் ஒன்றை வைத்தார்கள்.

டெக்சாஸ்வாசி:
2005இல் மொத்தம் எத்தனை பெயர் ஓய்வு பெற்றது?

உப்புக்காற்று:
ஐந்து. டென்னிஸ், கத்ரீனா, ரீட்டா, ஸ்டான், வில்மா. ஒரே பருவத்தில் அத்தனை பெயர் அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை. நான்கு கேட்டகரி 5 புயல்களில் எமிலி மட்டும் தப்பித்தது. 2011, 2017, 2023 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. 2029 பட்டியலிலும் உண்டு.